நாலாவது ஷிப்டின் சிம்பல்

இப்போது கேட்டது ஒலிதானா, அல்லது ஒலிக்காகக் காத்துக் கிடந்த மனம் தானே உண்டாக்கிக்கொண்டதா என்பது பச்சைநாயகிக்கு விளங்கவில்லை. விளங்குவதற்குள் கட்டைவிரல் பட்டனை அழுத்திவிட்டிருந்தது. அழுத்தியது சரியா? கண்ணாடிக்கு அப்பால் கருவியின் முன் அமர்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. கருவறைத் திரை சாத்தியிருக்கும்போது வெளியே நிற்பவர்களின் நிலை இப்படித்தான் இருக்கும், உள்ளே நடப்பதைத் திரை விலகினால்தான் அறியலாம். இங்கோ உள்ளே அடைபட்டிருப்பவள் தான், திரை விலக்க வேண்டியவள் வெளியே இருக்கிறாள். ரேணுகா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள், காது டெஸ்ட் எடுப்பவள், தன்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். ஹெட்போனை மாட்டிவிட்டு, முடியை ஒதுக்கிவிட்டு, கையில் பட்டனைக் கொடுத்து, "பயப்படாதீங்க மேடம், ஊசி கீசி ஒண்ணும் இல்லீங்க. சத்தம் எத்தன சின்னதாக் கேட்டாலும் ஒரு அமுத்து அமுத்துங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க" என்று சொல்லிக் கனத்த கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சும்மா இருங்க. எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டாள். ஞானிகள் காலமெல்லாம் தவம் கிடந்து வேண்டிய வரத்தை இந்தப் பெண் பஸ்ஸில் சீட்டுக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டுப் போகிறாள். சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் இங்கே வந்து ஏன் உட்கார வேண்டும்? பள்ளிக்கூட மேசையிலும், பஸ் கம்பியிலும், பூசைக்கு அமர்ந்தால் தன் தொடையிலும் இந்த விரல்கள் எப்போது சும்மா இருந்தன? இதோ மறுபடி, எங்கோ வெகு தொலைவில் ஒரு கொசு போல, கொசுவின் நிழல் போல. அழுத்தினாள். இடது காதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நல்ல காதை முதலில் பார்ப்பது வழக்கமாம். நல்ல காது. அந்தச் சொல்லை டாக்டர் சொன்னபோது அவருடைய குரலில் ஓர் இழுப்பு இருந்தது. "வலது காது ஏற்கெனவே இறங்கினதுதானுங்க. இடது எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். அது நல்லா இருந்துச்சுன்னா, காதுக்கு அடைப்பு வெச்சுட்டு ஒரு நாள் வாசிக்கறதுல தப்பில்ல. அதுவும் இறங்கியிருந்தா டிரம்ஸ் பக்கமே போகக் கூடாது. இருக்கறதக் காப்பாத்திக்கோணும்" என்றார். அடுத்த மாதம் மேடை. இருபத்துச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகு பழைய கூட்டாளிகளோடு ஒரே ஒரு மேடை. வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது, சுவரொட்டியில் பெயர் போட்டாகிவிட்டது, பெயரைப் போட்டவர்களுக்கு இந்தக் காது விஷயம் தெரியாது. ஐயனே, இடது காதை மட்டுமாவது விட்டுவை. ஒன்று போதும். உன் காதிலும் ஒன்றில் தோடு, ஒன்றில் குழை, இரண்டும் ஒன்றுபோல் இல்லையே.

பயம் தொடங்கியது அந்தப் பாட்டுகளைக் கேட்ட நாளில். கேட்ட நாளில் என்பதைவிடக் கேட்காத நாளில் என்பதே பொருந்தும். நாலாவது ஷிப்ட் என்ற பாட்டுக்குழு என்றால் இன்று கோயமுத்தூர்ப் பிள்ளைகளுக்கு ராப் பாடும் கனகுவும் பின்னணி கட்டும் சாதிக்கும்தான். அவள் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்கள் வாய்ப்பாடு தெரியாவிட்டாலும் கனகுவின் வரிகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ராப்புக்கு முன்னால் அதே நாலாவது ஷிப்ட் மூன்று பேராக இருந்ததையும், ஹார்ட்கோர் பங்க் என்ற பெயரில் ஒரு பாட்டுக்கு ஒரு நிமிஷம்கூட எடுக்காமல் கூவி உடைத்துக் கொட்டியதையும், மூன்றாவது ஆள் பேரூர்த் தெய்வத்தின் பெயர் வைத்த ஒரு பெண் என்பதையும் அந்தப் பிள்ளைகள் அறிய மாட்டார்கள். முன் வரிசையில் நின்று வீட்டுப்பாடம் திருத்தும் டீச்சரின் கை அந்தக் கை என்று சொன்னால் சிரிப்பார்கள். சாதிக்தான் பழைய பீரோவிலிருந்து அந்தக் கேசட்டுகளை எடுத்துச் சென்னையில் ஓர் ஒலிப்பதிவு இன்ஜினியரிடம் கொடுத்துத் தூசு தட்டினான். ராப்புக்கு முன்னால் நாம் யாராக இருந்தோம் என்று ஊர் கேட்கட்டும் என்று வெளியிடப்போகிறான். முதலில் அவளுக்குப் போனில் அனுப்பினான். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். கனகுவின் தொண்டை வந்தது, சாதிக்கின் பேஸ் கித்தார் வந்தது, தன் கால் உதைக்கும் பெரிய டிரம் நெஞ்சில் வந்து முட்டியது, டிரம்ஸோடு சேர்ந்த வெண்கலத் தட்டு, சிம்பல், அது மட்டும் வரவில்லை. பாட்டு முழுவதும் அவள் சிம்பலைத்தான் அடித்திருந்தாள், மணிக்கட்டுக்கு அது நினைவிருந்தது, அது விழவேண்டிய இடமெல்லாம் வெள்ளைத் துணி விரித்தாற்போல் வெறுமையாக இருந்தது. உடனே சாதிக்கைக் கூப்பிட்டாள். "டேப்பு கெட்டுப் போச்சு சாதிக், சிம்பலையே காணோம்." "என்ன பச்சை சொல்ற? சிம்பல்தான் காதக் கிழிக்குது. குறைக்கலாமான்னு இன்ஜினியர் கேட்டுட்டு இருக்கறாப்ல." "சிம்பலா?" "சிம்பலேதான். அந்தக் காலத்துல நீ அடிச்ச அடி அப்படி. ஒடஞ்ச தாம்பாளத்தக் கெணத்துல போட்டாப்பல." சிரித்தான். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே, "நான் சொல்ற வரைக்கும் அதுல கை வெக்காதீங்க, சத்தத்தக் கூட்டோணும்" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு அடுக்களையில் நின்று ஒரு தட்டைக் கீழே போட்டாள். தட்டு விழுந்த அதிர்வு உள்ளங்காலுக்கு வந்தது. விழுந்த பின் சுழன்று சுழன்று நீள வேண்டிய ஓசை வரவில்லை. பூசை அலமாரியைத் திறந்து மணியை எடுத்து ஆட்டினாள். நாக்கு மோதுவது கேட்டது. நாதம் கேட்கவில்லை. அன்று தீபாராதனை எப்படி முடிந்தது என்று அவளுக்கு நினைவில்லை. பருப்பு அடிப்பிடித்த வாசம் மட்டும் நினைவிருக்கிறது.

இப்போது ஒலி கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, பேனாக் கத்தியால் கோடு இழுத்தாற்போல் மெல்லியதாக. அழுத்தினாள். அடுத்தது. அழுத்தினாள். நன்றாகக் கேட்கிறதே! வீணாகப் பயந்தோம். ஒன்று, இடைவெளி, ஒன்று, இடைவெளி. அந்தப் பெண்ணின் கை சீராக வேலை செய்கிறது, பழகிய கை. நானும் பழகிய கைதான். இந்த அறைகூடப் பழகியதுபோல்தான் இருக்கிறது: சுவரெல்லாம் பஞ்சு வைத்த பலகை, தன் மூச்சே தனக்குத் திரும்பி வராத அடைப்பு. சாதிக்கின் மாமா வைத்திருந்த கழிவுப் பஞ்சுக் குடோன் இப்படித்தான் இருக்கும். கூரை முட்ட மூட்டைகள், நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு இடம், மூக்கிலும் புருவத்திலும் பஞ்சுப் பிசிறு. கலவரத்துக்குப் பின் தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே மணல்மூட்டையும் போலீசும் நின்ற வருஷங்கள் அவை. கனகுவின் தெருவுக்குச் சாதிக் வர முடியாது, சாதிக்கின் தெருவுக்குக் கனகு போக முடியாது, குடோனுக்கு மூவரும் போகலாம். பஞ்சு மூட்டைகளுக்கு எவன் எந்தத் தெரு என்று தெரியாது. டிரம்ஸ் ஒரு கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் ஓய்வுபெற்றது, சிம்பல் ஓரத்தில் விரிசல் கண்டு ஆணி அடித்தது. பதிவு செய்யச் சாதிக் எங்கிருந்தோ இரவல் வாங்கிவந்த பெட்டி கேசட்டில் ஒன்றோடொன்று கலக்காமல் நாலு தடமாகப் பதியும். அதில் ஒரு தடம் முழுவதும் அவளுக்கு. "பொம்பளப் புள்ளைக்குத் தனி லைனா? பஸ்ல கூட இல்லாத மரியாதடா இது" என்பான் கனகு. "பஸ்ல நான் அடிச்சா நீ எறங்கிருவ" என்பாள் இவள். அழுத்தினாள். அந்த இரைச்சலில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது, ஆகையால் கனகுவின் வலத் தோள்தான் எல்லாருக்கும் கட்டளை. தோள் உயர்ந்தால் அடுத்த அடியில் அத்தனையும் நிற்கும், ஊர் மொத்தமும் நின்றதுபோல் நிற்கும். அழுத்தினாள். பாட்டு முடிந்து வெளியே வந்தால் காதுக்குள் ரீங்காரம் ஒன்று கூடவே வரும். மூவரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், கோயிலுக்குப் போனவர்கள் நெற்றியைக் காட்டிக்கொள்வதுபோல. அந்த ரீங்காரம்தான் இப்போது இது, இந்த ஒலியா அந்த ஒலியா, எது இது? அழுத்தினாள். ஒன்று, இடைவெளி. ஒன்று, இடைவெளி. பேரூர்க் கனகசபையில் ஆடுகிறவன் காலடியில் எலும்பும் நரம்புமாய் ஒரு பெண்ணின் பேயுருவம் கைத்தாளம் தட்டிக்கொண்டிருக்கும், சின்ன வயதில் பிரகாரம் சுற்றி வரும்போதெல்லாம் அதைத்தான் முதலில் பார்ப்பாள்; ஆடுகிறவன் அழகு, தட்டுகிறவள் விகாரம், ஆனாலும் தட்டுகிறவள் நிறுத்திவிட்டால் ஆடுகிறவன் தூக்கிய காலை எங்கே வைப்பான் என்று யோசிப்பாள். அழுத்தினாள். நாங்கள் நிறுத்தவில்லை, எங்களை யாரும் நிறுத்தச் சொல்லவுமில்லை. ஒருநாள் கரண்ட் போயிற்று, மைக்கும் பேஸ் கித்தாரும் செத்துப்போயின, மின்சாரம் வேண்டாத டிரம்ஸ் மட்டும் மிஞ்சியது. கனகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் அடிக்கு மேல் கூவாமல் பேசிக்கொண்டே போனான், பேச்சு அடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "டேய், இது நல்லா இருக்குதுடா" என்றாள். தன் வாயாலேயே சொன்னாள். கொஞ்ச நாளில் சாதிக் ஒரு பெட்டி வாங்கினான், தாளம் போடும் பெட்டி. களைக்காது, வியர்க்காது, வீட்டுக்கு நேரத்தோடு போக வேண்டும் என்று சொல்லாது. அவள் ஸ்டூலை மூட்டை ஓரமாக நகர்த்தி அந்த இடத்தில் பெட்டியை வைத்தார்கள். வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை. வந்தால் உட்கார இடம் இல்லை, அவ்வளவுதான். அழுத்தினாள், அழுத்தினாள், அப்போது கதவு திறந்தது.

கதவு திறந்ததும் வெளிக் காற்றும் வெளியுலகத்து முணுமுணுப்பும் உள்ளே வந்தன. ரேணுகா குனிந்து ஹெட்போனை ஒருபுறம் தூக்கிவிட்டுச் சிரித்தாள். "ஏனுங்க மேடம், சத்தம் கேட்டுத்தானுங்களே அமுத்துனீங்க?" "ஆமா. நல்லாக் கேட்டுது." "கடைசியா நாலஞ்சு தடவ நான் சத்தமே குடுக்கலீங்க." "குடுக்கலையா?" "பேனா கீழ விழுந்துருச்சு, குனிஞ்சு எடுத்துட்டு இருந்தேன். நிமிந்து பாத்தா, அமுத்துனா எரியற லைட்டு மினுக் மினுக்குன்னு எரியுது. யாருடா அமுத்துறதுன்னு எனக்கே பயமாப் போச்சு." பச்சைநாயகிக்கு முகம் சுட்டது, தேர்வு மண்டபத்தில் பிடிபட்ட மாணவியின் முகம் இப்படித்தான் சுடும்போலும். "நீங்க ஒரே சீராக் குடுத்தீங்க" என்றாள், குற்றம் சாட்டுபவளைப் போல. ரேணுகா நெற்றியில் தட்டிக்கொண்டாள். "அட, ஆமாங்க. தப்பு என்ற மேலதான். மாத்தி மாத்திக் குடுக்கோணும், காலைலருந்து ஆளு மேல ஆளு, கை பழகிருச்சு. ஆனா இதக் கண்டுபிடிச்சு அமுத்துன ஆளு நீங்க ஒருத்தர்தானுங்க. பாட்டு டீச்சருங்களா?" "கணக்கு டீச்சர்." "அதான்" என்று அவள் எதையோ புரிந்துகொண்டவளைப் போலத் தலையாட்டினாள். "மறுபடி மொதல்லருந்து பாத்தர்லாங்க. இந்தத் தடவ எப்ப வரும்னு உங்களுக்கே தெரியாது. கேட்டா மட்டும் அமுத்துங்க." கதவு சாத்தப்பட்டது. காற்று மறுபடி செத்தது. அப்படியானால் இதுவரை கேட்டதெல்லாம்? அந்தப் பேனாக் கத்திக் கோடு? அது எப்போது முடிந்தது, எப்போது தன் கை தொடங்கியது? எல்லையே தெரியவில்லையே. நன்றாகக் கேட்கிறது என்று மனம் குளிர்ந்ததே, குளிர்ந்தது எதைக் கேட்டு?

அப்பாவுக்கும் இதுதான் நேர்ந்தது. இத்தனை நாளாக வராத அப்பா இந்த அடைத்த அறைக்குள் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டார். மில்லில் தறி ஓடும் பகுதியில் வாழ்நாளைக் கழித்த மனிதர். தறிச் சத்தம் முதலில் காதின் ஓரங்களைத் தின்றது, பிறகு நடுவைத் தின்றது. பேசுகிறவர்களின் உயிரெழுத்துகள் அவருக்குக் கேட்கும், மெய்யெழுத்துகள் கேட்காது; உதட்டைப் பார்த்து மிச்சத்தை நிரப்பிக்கொள்வார், பெரும்பாலும் தப்பாக. மில்லை மூடிய பிறகும் முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதும் நேரத்தில் எழுந்து குளித்து விபூதி அணிந்து உட்கார்ந்துவிடுவார். "சங்கு ஊதுச்சு கண்ணு, கேக்கலையா?" என்பார். சங்கைக் கழற்றி இரும்பு விலைக்கு விற்றுப் பல நாள் ஆகியிருந்தது. அதைக் குடோனில் ஒருநாள் சொல்லிவைத்தாள், கனகு பாட்டாக்கிவிட்டான், கேசட்டில் கடைசிப் பாட்டு அதுதான்: சங்கு ஊதல, சங்கு ஊதல, எங்கப்பன் எந்திரிக்கறான்! இந்த ஒரே வரியைத் தொண்டை கிழியும்வரை. வேறு வரியே கிடையாது. அவள் அந்தப் பாட்டில் சிம்பலை அடித்த அடியில்தான் ஆணி தெறித்தது. பாட்டை விடு, பாட்டு பரவாயில்லை, கோயில்தான் தாங்கவில்லை. மார்கழியில் அடியார்கள் கூடிப் பதிகம் பாடுவார்கள், அப்பாவும் முன்வரிசையில் அமர்ந்து தொடையில் தாளமிட்டுப் பாடுவார். தாளம் ஒருநாளும் தவறியதில்லை. எல்லாரும் நிறுத்திய பிறகு அவர் குரல் மட்டும் தனியாக, உரக்க, சுருதி எங்கோ விலகி, அடுத்த அடிக்குள் போய்க்கொண்டிருக்கும். சிலர் திரும்பிப் பார்ப்பார்கள், சிலர் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் இவள் அவர் முழங்காலைத் தொடுவாள். உடனே நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு இவளைப் பார்க்கும் பார்வை, ஐயோ, அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. நான் எவ்வளவு தூரம் தனியாக வந்துவிட்டேன் என்று கேட்கிற பார்வை அது. நாலஞ்சு தடவ நான் சத்தமே குடுக்கலீங்க. அப்பா, நானும் அவ்வளவு தூரம் வந்துவிட்டேன். என் முழங்காலைத் தொட்டவள் பேனா எடுக்கக் குனிந்த பெண்.

டெஸ்ட் தொடங்கிவிட்டதா? தொடங்கியிருக்க வேண்டும். கீழ் ஒலிகள் வந்தன, பானையில் ஊதுவதுபோல், அவற்றில் ஐயமில்லை, அழுத்தினாள். பிறகு நடு ஒலிகள், தடுமாறி வந்தன, அழுத்தினாள், ஒன்றிரண்டை விட்டிருக்கலாம். பிறகு ஒன்றுமில்லை. ரீங்காரம் மட்டும் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒன்றுமில்லாமையில் ரேணுகா இப்போது ஒலி கொடுத்துக்கொண்டிருக்கிறாளா, அல்லது கொடுக்காமல் சோதிக்கிறாளா? எச்சில் விழுங்கியது இடி போலக் கேட்டது. நாற்காலியைச் சன்னலுக்குப் பக்கவாட்டில்தான் போட்டிருந்தார்கள், கருவியைப் பார்க்கக் கூடாது என்பதற்காக. ஆனால் கடைக்கண்ணில் கண்ணாடியின் ஓரம் பட்டது, ஓரத்தில் ரேணுகாவின் வலத் தோள் பட்டது. தோள் சற்றே உயர்ந்து இறங்கியது. பச்சைநாயகியின் விரல் அழுத்திவிட்டது. யோசனை பிறகுதான் வந்தது. ரேணுகா கருவியின் பொத்தானைத் தொடும்போது தோள் அசைகிறது. பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத அசைவு, தோளைப் பார்த்தே வாழ்ந்தவளுக்குத் தெரியும். மறுபடி உயர்ந்தது. அழுத்தினாள். இது ஏமாற்று. இல்லை, ஏமாற்று இல்லை, மேடையிலும் தோளைப் பார்த்துத்தானே அடிக்கப்போகிறேன், காதா அடிக்கப்போகிறது? அழுத்தினாள். இப்படியே நாலைந்து அழுத்தினால் டெஸ்ட் முடிவைக் காட்டும் படத்தில் கோடு நேராகப் போகும், டாக்டர் தலையாட்டுவார், அடுத்த மாதம் ஸ்டூலில் உட்காரலாம். யாருக்குத் தெரியும்? மேடை விளக்கு எரியும், கனகுவின் முடி நரைத்திருந்தாலும் தோள் அதே தோள், அதைப் பார்த்து அவள் அடிப்பாள், ஊரே கேட்கும். அவளுக்குக் கேட்காது. அடித்த கைக்கு மட்டும் தெரிந்த ஒரு சிம்பல். பிறகு தோள் உயரும், எல்லாரும் நிறுத்துவார்கள், விளக்கின் கூச்சத்தில் அவள் ஒருமுறை தோளைத் தவறவிடுவாள், எல்லாரும் நிறுத்திய பிறகு அவள் மட்டும் தனியாக, உரக்க, அடித்துக்கொண்டே போவாள். முழங்காலைத் தொட யாரும் இருக்க மாட்டார்கள். அதன் பிறகு வகுப்பில் கடைசி பெஞ்சு வாயசைக்கும். முன் பெஞ்சும் வாயசைக்கும். பேரூரில் மணி ஆடும், ஓதுவார் வாய் திறப்பார், அவள் உதட்டைப் பார்த்து மிச்சத்தை நிரப்பிக்கொள்வாள், பெரும்பாலும் தப்பாக. கண்ணாடிக்கு அப்பால் ரேணுகாவின் தோள் உயர்ந்தது. விரல் துடித்தது. அழுத்து, அழுத்து, ஒன்றுதானே. பச்சைநாயகி கண்ணை மூடினாள். மூடியதும் பயம் நேரே மடியில் வந்து உட்கார்ந்தது, இருட்டுக்குப் பயந்த குழந்தைபோல் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கண் திறக்கச் சொல்லி ஒவ்வொரு நரம்பும் கெஞ்சியது. ஐயனே, நீ என்ன கொடுக்கிறாயோ அதுதான் வரட்டும், நீ கொடுக்காததை நான் அழுத்தி வாங்க மாட்டேன். இப்போது அங்கே ஒலி பிறந்துகொண்டிருக்கலாம், அவள் காது வரை வந்து திண்ணென்று மூடிய கதவில் மோதித் திரும்பிக்கொண்டிருக்கலாம், பிறக்காமலே இருக்கலாம். கட்டைவிரல் பட்டனின் மேல் கிடந்தது. எண்ண வேண்டாம். எண்ணினாள், நிறுத்தினாள், மறுபடி தானாக எண்ணத் தொடங்கியது, அதையும் விட்டாள். கேட்கவில்லை. சும்மா இருந்தாள். கேட்கவில்லை. சும்மா இருந்தாள். விரல் ஒருமுறைகூட அசையாமல் கிடந்ததைத் தன் விரல் என்று அவளால் நம்ப முடியவில்லை.

வலது காதும் முடிந்து வெளியே வந்தபோது ரேணுகா அச்சிட்ட படத்தை நீட்டினாள். இரண்டு கோடுகள், இரண்டும் மேட்டிலிருந்து சற்று தூரம் சமமாகப் போய், பிறகு மருதமலைப் படியில் தடுக்கி விழுந்தவர்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போயின. "நடுவுல ரெண்டு மூணு எடம் சந்தேகமா இருந்துச்சுங்க, மறுபடி குடுத்துப் பாத்தேன், நீங்க அமுத்தல. அதனால அதக் கணக்குல எடுத்துக்கலீங்க" என்றாள். "அது கணக்கில்ல" என்றாள் பச்சைநாயகி. "சத்தமான எடத்துல வேல ஏதாச்சும் பாத்தீங்களா மேடம்? மில்லு, தறி, அந்த மாதிரி?" "ஆமா, ஷிப்டுல இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். டாக்டர் கூப்பிடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் என்ன சொல்வார் என்பதில் ஐயம் எதுவும் மிஞ்சவில்லை. நடைபாதையின் சன்னல் ஓரமாகப் போய் நின்று சாதிக்கைக் கூப்பிட்டாள். போனை இடது காதில் வைத்தாள், பழக்கம்.

"பச்சை! எங்க இருக்கற? நீ சொன்னாத்தான் சிம்பல்ல கை வெப்பேன்னு இன்ஜினியர் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கறாப்ல. கூட்டோணுமா, குறைக்கோணுமா?"

"கூட்ட வேண்டாம். குறைக்கவும் வேண்டாம்."

"கனகு காது வலிக்குதுங்கறான்."

"வலிக்கட்டும். அவன் கத்துனதக் கேட்டு எனக்கு வலிக்கலையா?"

சாதிக் சிரித்தான். சிரிப்பு முடியும்வரை அவள் காத்திருந்தாள். "சாதிக், நான் மேடைக்கு வரல. ரெண்டு காதும் போயிட்டிருக்குது. இப்பத்தான் பாத்தேன். இனி அடிச்சா இருக்கறதும் போயிரும்."

மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பேசாமல் இருக்கிறானா, அவளுக்குக் கேட்காத எதையோ பேசிக்கொண்டிருக்கிறானா என்று போனைக் காதோடு அழுத்தினாள். "சாதிக்?"

"இருக்கறேன், பச்சை." என்றான் சாதிக். "இத ஏன் முன்னாலயே சொல்லல? சரி விடு. அந்தப் பாட்டுகள மேடையில விட்டுடலாம். வேற ஆளப் போட்டு அத அடிக்க முடியாது. என்ற தாளப் பெட்டிய வெச்சேன்னா கனகு என்னய அங்கயே வெட்டுவான்."

"ஆளு இருக்குது."

"யாரு?"

"கேசட்டுல ஒருத்தி அடிச்சுட்டு இருக்கறாளே. அவளுக்குத்தான் தனித் தடம் இருக்குதல்ல? மத்ததயெல்லாம் மூடிட்டு அவ அடிக்கறத மட்டும் மேடையில போடு. நீங்க ரெண்டு பேரும் அவகூட வாசிங்க."

"அவ நம்ம பேச்சக் கேக்க மாட்டாளே பச்சை. கனகு தோளத் தூக்குனா நிக்க மாட்டா."

"இத்தன வருஷம் நான் அவன் தோளப் பாத்தேன். ஒரு நாளைக்கு அவன் அவளுக்குத் தக்கன நிக்கட்டும்."

"சொல்லிப் பாக்கறேன்." பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவனாய்க் கேட்டான்: "சிம்பலே இல்லைன்னு அன்னைக்கு அப்படி அடிச்சுச் சொன்னியே. மறுபடி போட்டுப் பாத்தியா? கேட்டுச்சா?"

"கேக்கல" என்றாள் பச்சைநாயகி. "ஆனா இருக்குது."